ஒன்றரை மணிக்கு கேட் மூடிடும்!

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் டிபன் பாக்ஸோடு காலையில் பஸ் ஏறுகிறவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா அப்ளிகேஷனும் நிரப்பத் தெரியும்! ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணுமா, முதியோர் பென்ஷனா, பேங்க் லோனா... "அந்தத் தம்பி ஆபீஸ்ல இருக்குல்ல, அதுக்கிட்டக் குடு" என்று தீர்ப்பு வந்துவிடும். திருச்சியில் ஒரு கம்பெனியில் நான் சாதாரண கிளார்க். மூச்சு விடாமல் எழுதத் தெரிந்த ஒரே அப்ளிகேஷன் லீவு லெட்டர்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஊர் நார்த்தாமலை. திருச்சி - புதுக்கோட்டை ரோட்டில் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக எங்கள் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். மலை என்றதும் கொடைக்கானல் ரேஞ்சுக்குக் கற்பனை வேண்டாம். யானைகள் வரிசையாகப் படுத்திருக்கிற மாதிரி மொட்டைப் பாறைகள், அவ்வளவுதான். பங்குனியில் முத்துமாரியம்மனுக்குத் தேர். அன்றைக்கு ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாளில் ஆடுகளுக்கே இடம் தாராளம்.

இந்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளையான என் அக்கா மகள், 2022-ல் பிளஸ் ஒன் சேர்ந்த அன்றைக்கு, "மாமா, நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள். மச்சான் கிரஷர் லாரி ஓட்டுகிறவர். மகளைப் பெருமையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கு என்ன பாரம் மாப்ளே நிரப்பணும்?"

அப்போது ஆரம்பித்தது சார். மருத்துவப் படிப்பில் படிப்பு பாதிதான், மீதிப் பாதி தேதி! எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தச் சான்றிதழை எப்போது வாங்குவது, எந்த வருஷம் எழுதுவது, எத்தனை தடவை எழுதுவது, எப்போது நிறுத்துவது... இதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நம் தமிழ்நாட்டில் இந்தத் தேதி விளையாட்டுக்குச் சரித்திரமே உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, ஆக 300-க்கு கட்-ஆஃப் என்று அண்ணன்மார்கள் கணக்குப் போட்டது ஞாபகம் இருக்கும். 2006-தான் அதற்குக் கடைசி வருஷம். 2007-ல் சட்டப்படி அதற்கு மூடுவிழா. அப்புறம் பத்து வருஷம் பிளஸ் டூ மார்க் மட்டுமே ராஜா.

நீட் முதலில் 2013 மே மாதம் நடந்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டே திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் தப்பியது. 2017-ல் விலக்கு வரும், வரும் என்று காத்திருந்து, ஆகஸ்ட் 22-ம் தேதி 'வராது' என்று முடிவானது. பரீட்சையெல்லாம் எழுதி முடித்த பிறகு, எந்தப் பரீட்சை கணக்கில் சேரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் அவர்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியவர். அந்த செப்டம்பர் 1-ம் தேதி அவர் இறந்த செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் பெண் பிள்ளையைப் பெற்ற ஒரு வீட்டிலும் டி.வி. சத்தம் இல்லை.

அதே 2017-ல், ஜூன் மாதம், புதுக்கோட்டைக்கு அரசு மெடிக்கல் காலேஜ் வந்தது. 150 இடம். காலேஜும் நீட்டும் ஒரே வருஷம். கதவையும் வைத்து, கையோடு பூட்டையும் மாட்டின மாதிரி! 2020-ல்தான் ஒரு சாவி கிடைத்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தேறியவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அக்கா மகள் நம்பியிருந்தது இந்தச் சாவியைத்தான்.

சாவியை வாங்கச் சான்றிதழ் வேண்டுமே! சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஆறு முதல் எட்டு வரை ஒரு பள்ளி, அதற்கு மேல் வேறு பள்ளி என்பதால் இரண்டு தலைமையாசிரியர்களிடம் கையெழுத்து. இதற்காக நான் எடுத்த லீவுகளைப் பார்த்து எங்கள் சூப்பிரண்டு, "ஏன்யா, டாக்டருக்குப் படிக்கப்போறது உம்ம அக்கா பொண்ணா, நீரா?" என்று கேட்டார்.

ஓர் ஆபீஸில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் "ஆள் இல்லை." இரண்டாம் நாள் ஆள் இருந்தார், "கரண்ட் இல்லை." மூன்றாம் நாள் இரண்டும் இருந்தது. "சர்வர் வரலை" என்றார். 'இதென்ன ஓட்டலா?' என்று நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே முழுங்கிவிட்டேன். காரியம் ஆகணுமே!

இதில் வேடிக்கை, தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காருவதுதான். 2024-ல் நீட் விண்ணப்பம் பிப்ரவரி 9-ல் ஆரம்பித்து மார்ச் 16-ல் முடிந்தது. பிளஸ் டூ பொதுத் தேர்வு தொடங்கியது மார்ச் 1. ஆக, பிள்ளை தமிழ்ப் பரீட்சைக்குச் செய்யுள் உருப்போடுகிற நேரத்தில் போஸ்ட் கார்டு சைஸ் போட்டோ, கைரேகை எல்லாம் கேட்கிறார்கள். கைரேகை என்றால் ஒரு விரல் இல்லை சார், இரண்டு கை விரலும்! நிலம் கிரயம் பண்ணுகிறவன்கூட இத்தனை விரல் நீட்டியிருக்க மாட்டான். பிப்ரவரி முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைத்திருந்ததால், திறந்த மூன்றாம் நாளே விண்ணப்பம் போய்விட்டது. கடைசி நாள் வரை காத்திருந்த பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், வேதியியல் புத்தகத்தோடு பிரவுசிங் சென்டர் வாசலில் உட்கார்ந்திருந்தான். வரிசை நகர்ந்தபாடில்லை.

பிளஸ் டூ தேர்வு மார்ச் 22-ல் முடிந்தது. நீட் மே 5. நடுவில் ஒரு மண்டலம் விரதம் இருக்கக்கூட நாள் போதாது! அதிலும் எங்கள் ஊருக்கு இன்னொரு விசேஷம்... பங்குனித் திருவிழா. பால்குடம், காவடி, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். ஒரு பக்கம் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு, மறு பக்கம் தாவரவியல். பாவம், பிள்ளை எதைத்தான் மனப்பாடம் பண்ணும்?

சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேலமலைப் பாறைக்குப் போய்விடுவாள். அங்கேதான் விஜயாலய சோழீச்சரம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின கோயில். ஒருத்தர் கட்டினது மழையில் இடிந்துபோக, இன்னொருத்தர் எடுத்துக் கட்டினார் என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. "பார்த்தியா, கோயிலுக்கே ரெண்டாவது அட்டெம்ப்ட்தான்!" என்று அன்றைக்கு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தேர்வு நாளில் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டது என் அம்மா. தினசரி காலண்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை எமகண்டம். ஒன்றரைக்கு அப்புறமா உள்ள போகச் சொல்லு" என்றது.

"அம்மா, ஒன்றரைக்கு கேட்டை மூடிடுவாங்கம்மா!"

"மூடுனா தட்டச் சொல்லு."

ஒன்றரைக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும், யார் தட்டினாலும் அந்த கேட் திறக்காது என்பதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு சமரசம். பதினொரு மணிக்கு கேட் திறந்ததும், பன்னிரண்டுக்குள், எமகண்டத்துக்கு முன்பே உள்ளே போய்விடுவது! அம்மாவுக்கு சாஸ்திரமும் ஆயிற்று, எனக்கு நெஞ்சு படபடப்பும் மிச்சம். மே 4-ல் கத்திரி ஆரம்பம், மறுநாள் தேர்வு. திருச்சி வெயிலில், மூக்குத்தியைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கும் என்ற சங்கதியை அம்மாவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

ரிசல்ட் ஜூன் 14 என்று சொல்லியிருந்தார்கள். பத்து நாள் முன்னதாக, ஜூன் 4-ம் தேதி வந்து நின்றது. அன்றைக்குத்தான் பார்லிமென்ட் தேர்தல் முடிவும்! ஊரே டி.வி. முன்னால் ஓட்டு எண்ணிக்கொண்டிருக்க, நாங்கள் செல்போனில் மார்க் எண்ணிக்கொண்டிருந்தோம். நல்ல மார்க். போன வருஷக் கணக்குப்படி பார்த்தால் சீட் நிச்சயம். மச்சான் லட்டு வாங்கக் கிளம்பிவிட்டார். நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஏனென்றால், 2023-ல் 720-க்கு 720 வாங்கியவர்கள் நாடு முழுக்க இரண்டே பேர். 2024-ல் முதல் பட்டியலில் 67 பேர்! வினாத்தாள் கசிவுப் புகார், 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண், அதை ரத்து பண்ணி மறுதேர்வு, கோர்ட், கேஸ்... ஜூலை 23-ம் தேதி, எல்லோருக்கும் மறுதேர்வு கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, திருத்தின பட்டியல் வந்தபோது 720 வாங்கினவர்கள் 17 பேர். எல்லார் மார்க்கும் ஏறியிருந்தது. எல்லாரும் ஒரு படி ஏறினால், ஏறினவன் நின்ற இடத்தில்தானே நிற்கிறான்? அக்கா மகளுக்கு எம்.பி.பி.எஸ். எட்டவில்லை.

நல்லவேளை, அவள் பெயரில் இன்னொரு விண்ணப்பமும் போயிருந்தது. பி.எஸ்ஸி. நர்சிங். அதற்குப் பிளஸ் டூ மார்க் போதும். கால்நடை மருத்துவம், வேளாண்மைக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம். இதற்கெல்லாம் கடைசித் தேதிகள் நீட் கலாட்டா ஓய்வதற்காகக் காத்திருக்காது. நர்சிங் இடம் கையில் வந்து நின்றது.

வீட்டில் பஞ்சாயத்து. "கையில இருக்குறத விட்டுட்டு இன்னொரு வருசமா?" என்றார் மச்சான். லாரிக்கு டியூ கட்டுகிறவர் கவலை அவருக்கு. "பொட்டப் புள்ள, ஒரு வருசம் சும்மா வீட்டுல இருந்தா ஊரு என்னென்னமோ பேசும்" என்றாள் அக்கா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பாரத்திலும் இந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

எனக்கு ஞாபகம் வந்தது எதிர்வீட்டுத் தம்பிதான். கொரோனாவால் பிளஸ் டூ பொதுத் தேர்வே நடக்காத 2021-ல் பள்ளியை முடித்தவன். 2021 செப்டம்பர், 2022 ஜூலை, 2023 மே, 2024 மே என்று நாலு நீட். ஒவ்வொரு தடவையும் "இன்னும் இருபது மார்க்தாண்ணே." கெட்டிக்காரன், உழைப்பாளி. முதலில் கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தினான். அப்புறம் டீக்கடைக்கு. "என்னப்பா பண்றே?" என்ற கேள்விக்குப் பயந்து, இருட்டின பிறகுதான் தெருவில் நடப்பான். குறை அவனிடம் இல்லை சார். எப்போது நிறுத்துவது என்பதை யாரும் அவனோடு உட்கார்ந்து பேசவே இல்லை.

மற்ற நாடுகளில் இதற்கு ஒரு வரம்பு உண்டு. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைக்கு மேல் எழுத முடியாது. அமெரிக்காவில் டிகிரிக்கு அப்புறம்தான் மருத்துவம். அதற்கான எம்கேட் தேர்வை ஆயுளில் 7 தடவை எழுதலாம், அதற்கு மேல் கிடையாது. இங்கே நீட்டுக்குத் தடவைக் கணக்கும் இல்லை, உச்ச வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். குடும்பச் சூழ்நிலையால் தாமதமானவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்தே இருந்தால், வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறதே! சர்க்கார் போடாத கோட்டை வீடுதான் போட்டாக வேண்டும்.

இதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். "எழுதட்டும், ஆனா எத்தனை தடவைன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடுவோம்."

அதுவரை பேசாமல் இருந்த பிள்ளை எழுந்து போனாள். தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொண்டுவந்து மாட்டினாள். '2025 மே. அதோடு சரி. கிடைக்காவிட்டால் நர்சிங். யாரும் அழக்கூடாது.' கடைசி வரி அவள் அம்மாவுக்கு!

அந்த ஒரு வருஷம் வீடு வித்தியாசமாக இருந்தது. முடிவு தேதி தெரிந்ததால், "ஊரு பேசும்" பயம் போய்விட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா, "மே மாசம் வரைக்கும்தான்" என்று கணக்காகப் பதில் சொன்னாள். 2025-ல் பிப்ரவரி 7-ல் விண்ணப்பம் திறந்தது, அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டோம். மே 4-ல் தேர்வு, கத்திரி ஆரம்பமும் அன்றைக்கேதான். இயற்பியல் தாள் பிழிந்தெடுத்துவிட்டது. பிள்ளை வெளியே வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 14. மார்க் வந்தது. போன வருஷத்தைவிட 38 குறைவு! காலண்டர் அட்டையின் கடைசி வரியை அக்கா உடனே மீறினாள். மச்சான் வாசலில் போய் நின்றுகொண்டார். அம்மா, "நான் அப்பவே சொன்னேன், ராகுகாலம்..." என்று ஆரம்பித்தது. (யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.) எல்லாரும் மார்க்கையே பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை மட்டும் விரலால் திரையைத் தள்ளி ரேங்க் எங்கே என்று தேடினாள். போன வருஷ ரேங்க்கில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது! அந்த வருஷம் நாட்டின் முதல் மார்க்கே 686. 720 ஒருவர்கூட இல்லை. எல்லாரும் இறங்கின இடத்தில், கொஞ்சமாக இறங்கினவள் மேலே நின்றாள்.

அதோடு முடிந்ததா? இல்லை. நீட் எழுதினால் சீட் தானாக வீடு தேடி வரும் என்று நினைக்கிற குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்குத் தனி விண்ணப்பம். மாநிலத்தின் 85 சதவீதத்துக்குத் தமிழ்நாடு தேர்வுக் குழுவிடம் தனி விண்ணப்பம். அதில்தான் 7.5 சதவீதம் வருகிறது. அதற்கும் கடைசித் தேதி, அதற்கும் அதே சான்றிதழ்கள். பைல் தயாராக இருந்தது. அவளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. புதுக்கோட்டையில் இல்லை, பஸ்ஸில் ஒரு ராத்திரி தூரம். மச்சான் லட்டு வாங்கினார். இந்தத் தடவை நான் சட்டையைப் பிடிக்கவில்லை.

கிடைக்காமல் போயிருந்தால்? நர்சிங் காலேஜுக்கு இதே பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அந்த முடிவு எடுத்தாகிவிட்டது என்பதால்தான் பரீட்சை ஹாலில் அவளுக்குக் கை நடுங்கவில்லை என்று நான் நினைக்கிறேன். அவளிடம் கேட்டால், "சும்மா இருங்க மாமா" என்கிறாள்.

எதிர்வீட்டுத் தம்பி 2025-ல் ஐந்தாவது தடவை எழுதினான். இந்த முறையும் எட்டவில்லை. ஒரு ராத்திரி தானாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "வயசு போயிருச்சுண்ணே" என்றான். வயசு இருபத்திரண்டு! எங்கள் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்து, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தபோது அவருக்கு வயசு இருபது தாண்டிவிட்டது. 1912-ல்தான் டாக்டர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கினது 1954-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது. இப்போது பி.பார்ம் முதல் வருஷம். பகலிலேயே டீக்கடைக்கு வருகிறான்.

உங்கள் வீட்டிலும் அக்கா மகளோ, அண்ணன் மகனோ பிளஸ் ஒன்னில் இருக்கலாம். சட்டையை இன் பண்ணுகிறவர் என்பதால் பாரம் எப்படியும் உங்களிடம்தான் வரும்! சான்றிதழ்களை பிளஸ் ஒன் லீவிலேயே வாங்கிவிடுங்கள். நீட்டோடு சேர்த்து, நீட் கேட்காத படிப்பு ஒன்றுக்கும் விண்ணப்பம் போடுங்கள். முக்கியமாக, எத்தனை தடவை என்பதை முதல் தடவை எழுதும் முன்பே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். அதைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

லீவு லெட்டரில் காரணம் கேட்டால் 'அவசர குடும்ப அலுவல்' என்று எழுதிக் கொடுங்கள். என் அனுபவத்தில், நீட் என்று எழுதினால் சூப்பிரண்டு நம்புவதில்லை.